கீமோ முதலில், ஆபரேஷன் அப்புறம்: அந்தச் சிகிச்சைத் தாளை எப்படிப் படிப்பது

குடியாத்தத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அம்மாவுக்கு 54 வயது, வீட்டிலேயே பீடி சுற்றுகிறவர். இடது மார்பில் கட்டி, அக்குளிலும் நெறி கட்டியிருக்கிறது. சதை எடுத்துப் பார்த்ததில் கேன்சர் என்று வந்துவிட்டது, மூன்றாம் ஸ்டேஜ். வேலூரில் டாக்டர் ஒரு தாளில் "ஏ.சி. 4, பிறகு வாராவாரம் பாக்லி 12, ஆபரேஷன், ஆர்.டி. 15, ஹார்மோன் மாத்திரை" என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். சொந்தக்காரர்கள் எல்லாம் "கட்டியை உடனே வெட்டி எடுக்காமல் எதுக்கு ஆறு மாசம் மருந்து ஏத்துறாங்க, அதுக்குள்ள பரவிடாதா" என்கிறார்கள். அம்மாவிடம் சாதாரணக் கட்டி என்றுதான் சொல்லி வைத்திருக்கிறார்கள். இவர் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் வேலை பார்க்கிறார், எத்தனை நாள் லீவு வேண்டியிருக்கும் என்றும் கேட்டிருக்கிறார்.

நான் வேலூர்ப் பக்கம் கீமோ வார்டில் நர்ஸாகப் பல வருடம் வேலை பார்த்தவள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஆனால் ரிப்போர்ட்டைக் கையில் வைத்திருக்கும் டாக்டர் சொல்வதற்கு மேல் இது இல்லை, அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

தம்பி, முதலில் அந்தப் பயத்துக்குப் பதில். மூன்றாம் ஸ்டேஜ் மார்புப் புற்றுநோய்க்குக் கீமோவை முதலில் கொடுத்து ஆபரேஷனைப் பிறகு வைப்பது எல்லாப் பெரிய ஆஸ்பத்திரிகளிலும் உள்ள வழக்கம்தான். உங்கள் அம்மாவைக் காக்க வைக்கவில்லை. முதல் கீமோ ஏறுகிற அன்றே சிகிச்சை தொடங்கிவிட்டது. கட்டி பெரிதாக இருந்து, அக்குளில் நெறியும் கட்டியிருந்தால், எந்த ஸ்கேனிலும் தெரியாத அளவு சிறிய செல்கள் ரத்தத்தோடு கலந்து வேறு இடத்துக்குப் போயிருக்க வாய்ப்பு உண்டு. கத்தியால் மார்பில் இருப்பதைத்தான் எடுக்க முடியும், கீமோ உடம்பு முழுக்க ஓடி அந்தச் செல்களையும் தேடிப் பிடிக்கும். கட்டியும் சுருங்கும், அப்போது சர்ஜன் சுற்றிலும் நல்ல சதையோடு சேர்த்துச் சுத்தமாக எடுக்க வழி கிடைக்கும். இன்னொன்றும் இருக்கிறது, இதை யாரும் உட்கார வைத்துச் சொல்வதில்லை: கட்டி உள்ளே இருக்கும்போது மருந்து கொடுத்தால்தான் அந்த மருந்துக்கு அது அடங்குகிறதா இல்லையா என்று கண்ணால் பார்க்கலாம். வெட்டி எடுத்த பிறகு கொடுத்தால், வேலை செய்ததா என்று பார்க்க உடம்பில் எதுவுமே இருக்காது. மருந்து பிடிக்கவில்லை என்று இரண்டாம் மூன்றாம் கீமோவிலேயே தெரிந்தால் மாற்றிவிடுவார்கள், அல்லது ஆபரேஷனை முன்னால் கொண்டுவருவார்கள்.

ஊசி போட்டுச் சதை எடுத்ததால் நோய் பரவிவிட்டது என்று யாராவது சொன்னால் அதையும் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். மார்புக் கட்டியில் அப்படிப் பரவுவதில்லை. அந்தச் சதைப் பரிசோதனை இல்லாமல் ஒரு மருந்தைக்கூடத் தேர்ந்தெடுக்க முடியாது.

சரி, தாளுக்கு வருவோம். அதில் எழுதாத ஒரு விஷயம்தான் எல்லாவற்றுக்கும் முதல்: இந்தச் சிகிச்சையின் நோக்கம் என்ன? நோயை முழுக்க அழித்துக் குணமாக்கப் பார்க்கிறார்களா, இல்லை நோயைக் கட்டுக்குள் வைத்து வலியில்லாமல் நல்லபடியாக நாட்களை நீட்டப் பார்க்கிறார்களா? நான்காம் ஸ்டேஜ் என்றால் பெரும்பாலும் இரண்டாவது, அதற்கும் நல்ல சிகிச்சைகள் இருக்கின்றன. உங்கள் அம்மாவுக்கு எழுதியிருக்கும் வரிசையைப் பார்த்தால் குணமாக்கும் நோக்கத்தில் எழுதியது போலத்தான் தெரிகிறது, ஆனால் டாக்டர் வாயாலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். "டாக்டர், இது முழுசா குணமாகணும்னு பண்ற சிகிச்சையா?" என்று நேராகக் கேட்கலாம், தப்பே இல்லை. ஏனென்றால் குணமாக்கும் சிகிச்சையில் அளவும் தேதியும் முக்கியம், பக்கவிளைவு கொஞ்சம் இருந்தாலும் சமாளித்துக்கொண்டு முழு அளவையும் முடிக்கப் பார்ப்பார்கள். கட்டுக்குள் வைக்கும் சிகிச்சையில் உடம்பு தாங்குவதைப் பார்த்து இடைவெளி விடலாம், அளவைக் குறைக்கலாம். இந்த வித்தியாசம் தெரியாமல்தான் நிறையக் குடும்பங்கள் பாதியில் தாங்களாகவே நிறுத்திவிடுகிறார்கள்.

ஸ்டேஜ் என்பது கட்டியின் அளவு, நெறி, வேறு உறுப்புக்குப் போயிருக்கிறதா என்ற மூன்றையும் சேர்த்துப் போடும் கணக்கு. எத்தனை நாள் உயிரோடு இருப்பார் என்று அதில் எழுதியிருக்காது. மருந்தைத் தீர்மானிப்பது அதைவிட அந்தச் சதை ரிப்போர்ட்டின் இரண்டாவது பாகம். அதில் ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்2 என்று மூன்று சோதனை முடிவு இருக்கும். முதல் இரண்டும் பாசிட்டிவ் என்றால் அந்தக் கட்டி ஹார்மோனால் வளர்கிறது, அதனால்தான் தாளின் கடைசியில் ஹார்மோன் மாத்திரை. ஹெர்2 பாசிட்டிவ் என்றால் டிராஸ்டுஸுமாப் என்ற தனி மருந்து உண்டு, வழக்கமாக ஒரு வருடம் கொடுப்பார்கள். உங்கள் தாளில் அது இல்லை, ஆகவே நெகட்டிவாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் ரிப்போர்ட்டில் ஹெர்2 என்ற இடத்தில் "2+" என்று போட்டிருந்தால் அது நடுவில் நிற்கிறது என்று பொருள், ஃபிஷ் என்று இன்னொரு டெஸ்ட் செய்துதான் முடிவு சொல்ல முடியும். அது மட்டும் நடந்துவிட்டதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

ஏ.சி. என்பது இரண்டு மருந்தின் முதல் எழுத்து, ஏ என்பது அட்ரியாமைசின், சி என்பது சைக்ளோபாஸ்பமைட். மூன்று வாரத்துக்கு ஒரு முறை, நான்கு தடவை. ஏன் மூன்று வாரம் என்றால், கீமோ கேன்சர் செல்லை மட்டும் அடிப்பதில்லை, வேகமாக வளரும் எதையும் அடிக்கும். எலும்பு மஜ்ஜை, வாய்க்குள் இருக்கும் தோல், முடியின் வேர் எல்லாம் அதில் மாட்டிக்கொள்ளும். கீமோ ஏறிய ஏழாம் நாளிலிருந்து பதினாலாம் நாள் வரை வெள்ளை அணுக்கள் இறங்கும், இருபத்தொன்றாம் நாளுக்குள் மீண்டும் ஏறிவிடும். அதற்குள் அடுத்ததைக் கொடுத்தால் உடம்பு தாங்காது, ரொம்பத் தள்ளிப்போட்டால் கேன்சர் செல்லும் தலை தூக்கும். அதனால்தான் ஒவ்வொரு தடவையும் ரத்தம் பார்த்துவிட்டு, அணுக்கள் ஏறியிருந்தால்தான் மருந்து. ஒரு வாரம் கழித்து வாருங்கள் என்று திருப்பி அனுப்பினால் கோபப்படாதீர்கள், அது பாதுகாப்புக்காக. மருந்தின் அளவை உயரமும் எடையும் வைத்துக் கணக்குப் போடுவார்கள், ஆகவே எடை பார்க்கும்போது செருப்பு, பை எல்லாம் கீழே வைத்துவிட்டு ஏறச் சொல்லுங்கள். அட்ரியாமைசின் இதயத்தைப் பாதிக்கக்கூடியது, முதல் டோஸுக்கு முன்னால் எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்திருக்க வேண்டும். இன்னும் எடுக்கவில்லை என்றால் கேளுங்கள். அதோடு, கட்டிக்குள் சிறு உலோகக் கிளிப் வைக்க வேண்டுமா என்றும் கேளுங்கள். கீமோவில் கட்டி முழுக்கக் கரைந்துபோனால் அது இருந்த இடம் எது என்று சர்ஜனுக்கு அந்தக் கிளிப்தான் காட்டும், குறிப்பாக மார்பு முழுவதையும் எடுக்காமல் கட்டி இருந்த பாகத்தை மட்டும் எடுக்கும் எண்ணம் இருந்தால்.

முதல் நாள் எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன், தெரியாமல் போவதுதான் பெரிய பயம். காலையில் ரத்த ரிப்போர்ட்டோடு போவீர்கள். டாக்டர் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகு மருந்து தயாராகி வரக் கொஞ்ச நேரம் ஆகும். சாய்வு நாற்காலியிலோ கட்டிலிலோ உட்கார வைத்து, பெயரையும் ஆஸ்பத்திரி நம்பரையும் திரும்பத் திரும்பக் கேட்பார்கள், சலிக்காமல் பதில் சொல்லச் சொல்லுங்கள். முதலில் வாந்திக்கான ஊசி. அப்புறம் அட்ரியாமைசின், பார்க்க ரோஸ்மில்க் எசென்ஸ் மாதிரி சிவப்பாக இருக்கும். சலைன் ஓடிக்கொண்டிருக்கும்போதே நர்ஸ் பக்கத்தில் உட்கார்ந்து கையாலேயே மெதுவாகத் தள்ளுவார், நடுநடுவே ரத்தம் திரும்புகிறதா என்று பார்த்துக்கொண்டே. இந்த மருந்து நரம்பை விட்டு வெளியே கசிந்தால் சதையையே புண்ணாக்கிவிடும். நம் ஊர் அம்மாக்கள் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்வார்கள், நான் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன், கேட்டால் "லேசாத்தான் எரியுது சிஸ்டர், பரவாயில்ல" என்பார்கள். பரவாயில்லை என்று சொல்லவே கூடாத இடம் இதுதான். சுருக்கென்றாலும் எரிந்தாலும் அந்த நொடியே சொல்ல வேண்டும் என்று அம்மாவிடம் வீட்டிலேயே சொல்லிக் கூட்டிப்போங்கள். அன்றும் மறுநாளும் சிறுநீர் சிவப்பாகப் போகும், அது ரத்தம் இல்லை, மருந்தின் நிறம். முடி இரண்டு மூன்று வாரத்தில் கொட்டும், முடிந்தபின் திரும்ப வளரும்.

சில டாக்டர்கள் வெள்ளை அணு இறங்காமல் இருக்க மறுநாள் ஒரு ஊசி எழுதுவார்கள். அதை ஃபிரிட்ஜ் குளிரிலேயே வைக்க வேண்டும், ஐஸ் பையில் குடியாத்தம் கொண்டுவந்து அங்கேயே போட்டுக்கொள்ளலாம். போட்டபின் இடுப்பிலும் முதுகெலும்பிலும் வலிக்கும், பயப்படத் தேவையில்லை.

பயப்பட வேண்டியது காய்ச்சலுக்கு. இதை மட்டும் பெரிய எழுத்தில் எழுதி வீட்டுச் சுவரில் ஒட்டுங்கள். மெடிக்கலில் ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வையுங்கள். 100.4 டிகிரியைத் தொட்டால் ராத்திரி இரண்டு மணியானாலும் கிளம்பிவிட வேண்டும், பாராசிட்டமால் கொடுத்துக் காலையில் பார்க்கலாம் என்று உட்காரக் கூடாது. வெள்ளை அணு இல்லாத உடம்பில் சாதாரணக் கிருமி சில மணி நேரத்தில் ரத்தத்தில் பரவிவிடும். மாத்திரை காய்ச்சலை மறைக்குமே தவிரக் கிருமியைக் கொல்லாது. 108-ஐக் கூப்பிடுங்கள். குடியாத்தம் அரசு மருத்துவமனைக்குப் போனாலும் சரி, நேராக வேலூருக்கே போனாலும் சரி, உள்ளே நுழைந்ததும் முதல் வார்த்தையாக "கீமோ எடுத்துட்டு இருக்காங்க, இன்னைக்குப் பத்தாவது நாள், காய்ச்சல்" என்று சொல்லுங்கள், ஃபைலை நீட்டுங்கள். ஆன்டிபயாடிக் உடனே ஏற வேண்டும், ஓ.பி. வரிசையில் நிற்கிற நோய் இல்லை இது.

இதே காரணத்துக்காக இன்னொன்று. உங்கள் ஊரில் வைகாசி முதல் தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. குடியாத்தத்துக்காரர்கள் எங்கே இருந்தாலும் அன்றைக்கு ஊருக்கு வந்துவிடுவார்கள், உங்கள் அம்மாவும் போகத்தான் ஆசைப்படுவார். அது கீமோவின் ஏழாம் நாளிலிருந்து பதினாலாம் நாளுக்குள் விழுந்தால் அந்தக் கூட்டத்துக்குள் அவரை அனுப்பாதீர்கள், வீட்டு வாசலிலேயே நின்று கும்பிடட்டும். அப்படியும் அந்த வாரம் வீட்டில் முக்கியமான விசேஷம் என்றால் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள், கீமோவை ஓரிரு நாள் முன்பின்னாக வைக்க முடியுமா என்று அவரே சொல்வார். நீங்களாக "இந்த வாரம் வேண்டாம், அடுத்த மாசம் பார்ப்போம்" என்று விட்டுவிடுவதுதான் ஆபத்து. மேற்கு வங்கத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் இரண்டு மூன்று நாள் ரயிலில் காட்பாடிக்கு வந்து, லாட்ஜில் தங்கிச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு தேதி தவறாமல் வருகிறார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் ஆடி மாசம், கல்யாணம், நடவு என்று தள்ளிப்போடுவதைப் பார்க்கும்போது எனக்கு ரொம்ப வேதனையாக இருக்கும்.

அடுத்து பாக்லி, அதாவது பாக்லிடாக்ஸெல், வாரம் ஒன்று, பன்னிரண்டு வாரம். வாந்தி இதில் குறைவு, பலருக்கு இது சுலபமாகத் தோன்றும். ஆனால் விரல் நுனியும் பாதமும் மரத்துப்போகும். பீடி சுற்றுகிறவருக்கு இது முதலில் தெரியும்: நூல் கட்டும்போது விரலுக்குப் பிடி கிடைக்காது, இலை வழுக்கும், சட்டைப் பொத்தான் போட முடியாது. அப்படி ஆரம்பித்ததும் அடுத்த வாரமே டாக்டரிடம் சொல்லுங்கள், அளவைக் குறைப்பார் அல்லது ஒரு வாரம் விடுவார். சொல்லாமல் முடித்துவிட்டால் அந்த மரத்துப்போதல் சிலருக்கு நிரந்தரமாகத் தங்கிவிடும், கைத்தொழில் செய்கிறவருக்கு அது பெரிய இழப்பு. எப்படியும் கீமோ நடக்கும் மாதங்களில் அந்தப் புகையிலைத் தூசியிலிருந்து அவர் தள்ளியே இருக்கட்டும்.

பன்னிரண்டு வாரமும் பன்னிரண்டு வாரமும் சேர்ந்து ஆறு மாதம். அப்புறம் சில வாரம் உடம்பு தேற விட்டு ஆபரேஷன். இங்கேதான் ஒரு கேள்வி வரும், இப்போதே சொல்லி வைக்கிறேன். கையில் தொட்டுப் பார்த்தால் கட்டியே இல்லை, ஸ்கேனிலும் காணோம், பிறகு எதற்கு ஆபரேஷன் என்று வீட்டில் கேட்பார்கள். கட்டி கரைந்த இடத்தில் உயிருள்ள செல் பாக்கி இருக்கிறதா என்பதை அந்தச் சதையை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால்தான் தெரியும். ஆபரேஷன் முடிந்து அந்த ரிப்போர்ட்டில் ஒன்றுமே இல்லை என்று வந்தால், சரி இனி எதற்குக் கரண்ட் (தாளில் ஆர்.டி. என்று இருக்கும் கதிர்வீச்சுச் சிகிச்சை) என்று அடுத்த கேள்வி வரும். உங்கள் அம்மா எந்த ஸ்டேஜில் தொடங்கினாரோ அதை வைத்துத்தான் கரண்ட் முடிவாகிறது. ஆரம்பத்தில் கட்டி பெரிது, நெறியும் உண்டு, ஆகவே மார்புச் சுவரிலும் அக்குள் பகுதியிலும் மீண்டும் வராமல் இருக்க அது தேவை. இந்த இடத்தில் நிறுத்தியவர்களில் சிலர் பிறகு அதே இடத்தில் கட்டியோடு திரும்பி வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

கரண்ட் வைப்பது என்று நாம் சொல்கிறோமே தவிர, மின்சாரம் எதுவும் உடம்பில் பாய்வதில்லை, ஷாக் அடிக்காது, எக்ஸ்ரே எடுப்பது போலத்தான் வலியில்லாமல் இருக்கும். ஆர்.டி. 15 என்றால் பதினைந்து நாள், திங்கள் முதல் வெள்ளி வரை, மூன்று வாரம். தொடங்குவதற்கு முன் ஒரு சி.டி. எடுத்து, தோலில் சிறு புள்ளி குத்தி இடத்தைக் குறிப்பார்கள், அதைத் தேய்த்து அழிக்கக் கூடாது. இடது பக்கம் என்பதால் இதயத்தில் படாமல் இருக்க மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லிப் பழக்குவார்கள். மேஜையில் இருப்பது சில நிமிடம்தான். தோல் கருக்கும், கொஞ்சம் எரியும். பவுடர், தைலம் எதுவும் போட வேண்டாம், தளர்வான பருத்தி ஜாக்கெட் போதும். தினமும் பஸ்ஸில் போய்வர முடிகிற தூரம்தான் உங்களுக்கு.

அக்குளில் நெறி எடுத்திருந்தால் அந்தக் கை வீங்க வாய்ப்பு உண்டு. குடம் தூக்குவது, அந்தக் கையில் ஊசி போடுவது, பிரஷர் பார்ப்பது எல்லாம் தவிர்க்கச் சொல்வார்கள். பிசியோ சொல்லிக்கொடுக்கும் பயிற்சியை விடாமல் செய்ய வேண்டும்.

ஹார்மோன் மாத்திரை குறைந்தது ஐந்து வருடம். மாதவிலக்கு நின்றவர் என்றால் பெரும்பாலும் லெட்ரோஸோல் அல்லது அனாஸ்ட்ரோஸோல். மூட்டு வலிக்கும், எலும்பு தேயும், கால்சியம் சேர்த்துக் கொடுப்பார்கள். "எல்லாம் முடிஞ்சுபோச்சே" என்று இதை விட்டுவிடுகிறவர்கள் ஏராளம், கீமோ அளவுக்கு இதுவும் சிகிச்சைதான்.

நாட்டு மருந்து, முள் சீத்தா இலைக் கஷாயம், வாட்ஸப்பில் வருவது எல்லாம் கீமோ நடக்கும்போது வேண்டாம். ஈரலைப் பாதிக்கலாம், மருந்தின் அளவைக் கூட்டிக் குறைக்கலாம். ஏற்கனவே கொடுத்திருந்தால் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். சாப்பாட்டில் பத்தியம் எதுவும் இல்லை. கேழ்வரகுக் களி, முட்டை, பருப்பு, மீன், சூடாகச் சமைத்த எதுவும் சாப்பிடலாம், எடை குறையாமல் இருப்பதுதான் முக்கியம்.

வேறு ஒரு டாக்டரிடமும் காட்ட வேண்டும் என்று தோன்றினால் தாராளமாகக் காட்டுங்கள், முதல் கீமோவுக்கு முன்பே, ஒன்றிரண்டு வாரத்துக்குள். சென்னையில் 1954-இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது, காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அரசின் அண்ணா புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது, சதையின் ஸ்லைடும் மெழுகு பிளாக்கும் வாங்கிப் போங்கள், அங்கே மறுபடியும் பார்ப்பார்கள். கேன்சர் நோயாளி சிகிச்சைக்கு ரயிலில் போனால் ஸ்லீப்பரில் டிக்கெட் கட்டணம் கிடையாது, கூட வருபவருக்கும் பெரிய சலுகை உண்டு. ஆஸ்பத்திரியில் அதற்கான சான்றிதழ் வாங்கி ஸ்டேஷன் கவுன்டரில் கொடுக்க வேண்டும். செலவுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம்: ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை. கீமோ, ஆபரேஷன், கரண்ட் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக முன் அனுமதி வாங்குவார்கள், அதற்கு நாள் பிடிக்கும். ஆகவே ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு மருந்து ஏறும் முன்பே காப்பீட்டு கவுன்டரில் பேசிவிடுங்கள்.

அம்மாவிடம் சொல்லிவிடுங்கள் தம்பி. முதல் நாள் அந்த வார்டில் உட்கார்ந்ததுமே பக்கத்து நாற்காலிக்காரம்மா "உங்களுக்கு எத்தனாவது கீமோ?" என்று கேட்பார், முடி கொட்டும், அவருக்குத் தெரியாமல் இருக்கப் போவதில்லை. மகன் மறைத்தான் என்று தெரிந்தபின் எரிகிறது, காய்ச்சல் அடிக்கிறது என்று அவரும் உங்களிடம் மறைக்க ஆரம்பிப்பார். "கேன்சர்தான், குணமாக்கத்தான் மருந்து கொடுக்கிறாங்க, பத்து மாசம் ஆகும், கூடவே இருப்பேன்" என்று சொன்னால் போதும். சொல்ல வாய் வரவில்லை என்றால் டாக்டரையோ வார்டு சிஸ்டரையோ சொல்லச் சொல்லுங்கள், அவர்கள் பக்குவமாகச் சொல்வார்கள்.

லீவுக்கு வருகிறேன். ஏ.சி. ஒவ்வொன்றுக்கும் கீமோ நாளும் மறுநாளும் நீங்கள் கூட இருக்க வேண்டும். பத்தாம் நாள் வாக்கில் ராத்திரி நேரத்தில் வீட்டில் வண்டி ஓட்டத் தெரிந்த ஒருவர் இருந்தால் போதும். பாக்லிக்கு வாரம் ஒரு நாள், அதற்கு அக்காவோ சித்தியோ யாராவது மாற்றிப் போகலாம். ஆபரேஷனுக்கு ஒரு வாரம் எடுத்து வையுங்கள். கரண்டுக்கு முதல் இரண்டு மூன்று நாள் போய்ப் பழக்கிவிட்டால் பெரும்பாலும் அம்மாவே துணைக்கு ஒருவரோடு போய்வந்துவிடுவார். கம்பெனியில் லீவு கேட்கும்போது ஆஸ்பத்திரியிலிருந்து சிகிச்சைத் தேதிகளோடு ஒரு கடிதம் வாங்கிக் கொடுத்துவிடுங்கள், கேட்டால் எழுதித் தருவார்கள்.